லோகேஸ்வரியின் பிளாட்டூன்

— லெட்டர்ல கையெழுத்து போடாதன்னு சொல்ல நீ யாரு காலேப்? என் மக இடத்துல போய் நின்னவன்தானே நீ?

— ஆமா ஆன்டி. அதனாலதான் வந்தேன். லோகா இருக்காளா?

— கீழ கடைக்குப் போயிருக்கா, அந்த லெட்டரைப் பிரிண்ட் எடுக்க. பரேட் அன்னிக்கு பிளாட்டூனைத் தூண்டிவிட்டது நான்தான், மன்னிச்சிடுங்கன்னு எழுதியிருக்கு. நாளைக்குக் காலையில ஸ்கூல் ஆபீஸ்ல கொடுக்கணும். கொடுக்கலன்னா போலீஸ் கேடட்லேருந்து பேரை வெட்டிடுவாங்களாம். ஃபார்ம் ஒன்னு படிக்கும்போதுலேருந்து போலீஸ்ல சேரணும் போலீஸ்ல சேரணும்னு சொல்லிட்டிருந்த பிள்ளை.

— அவ வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். உள்ள வரலாமா?

— வா. ராத்திரி ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி, கொண்டோ கேட்டுல காவல். இந்த யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கிட்டே கேக்குறேன். நீ பேசு.

— கேடட்ல சேர்ந்த புதுசுல என்னை ரெண்டு தடவை வெளிய அனுப்பப் பார்த்தாங்க ஆன்டி. நடந்தா எனக்கு இடது காலோட இடது கையும் சேர்ந்தே போகும். எல்லாரும் சிரிப்பாங்க. லோகாதான் இந்த ஃபிளாட் கார்பார்க்குல...

— தெரியும்லா. ஆறாவது மாடியிலேருந்து நானும் பார்த்திருக்கேன். உன் இடது கையில ரப்பர் பேண்டை மாட்டிவிட்டு, கிரி கானான், இடது வலதுன்னு மூணு மாசம். ஆறடிப் பையனை நாலடி பத்து அங்குலப் பொண்ணு மேய்க்கிறா பாருன்னு பக்கத்து வீட்டு வீரம்மாக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

— எனக்கு மட்டும் இல்ல. பிளாட்டூன்ல முப்பது பேருக்கும் கவாட் நடை சொல்லிக் கொடுத்தது அவதான். கேடட் சார் விசிலைக் கழுத்துல தொங்கவிட்டுட்டு போனைப் பார்த்துட்டிருப்பாரு. லைன் நேரா இருக்கா, முஷ்டி சரியா மடங்கியிருக்கா, திரும்பும்போது எந்தக் கால் முதல்ல தூக்கணும், எல்லாத்தையும் அவதான் பார்ப்பா.

— வீட்டுலயும் அதே தொல்லைதான். குளிக்கும்போதுகூட செடியான்னு கத்துவா. செடியா மரமாடின்னு நான் கேப்பேன். நேரா நில்லுன்னு அர்த்தம்மான்னு சொல்லிட்டு மறுபடியும் கத்துவா.

— அந்தக் குரலைக் கேட்டா எங்க முதுகு தானா நிமிர்ந்துடும் ஆன்டி.

— பின்ன எதுக்கு அவளைக் கமாண்டர் இடத்துலேருந்து தூக்கினாங்க? அவகிட்ட கேட்டா, விடும்மாங்கிறா. நீ சொல்லு.

— கடைசி ரிஹர்சல் அன்னிக்கு. மேடையில பெரிய ஆளுங்க இருப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, முன்னால போறது இவ்வளவு குட்டையா இருந்தா கிண்டர்கார்டன் ஊர்வலம்னு நினைச்சுக்குவாங்கன்னு சார் சொன்னாரு. எல்லார் முன்னாலயும். கமாண்டர் போடுற சிவப்புப் பட்டையை அவ தோள்லேருந்து கழட்டி என் தோள்ல மாட்டுனாரு. எனக்கு வேணாம் சார்னேன். நீ இல்லன்னா வேற உயரமான பையன், எப்படியும் இவ கிடையாதுன்னுட்டாரு.

— அப்ப அவ என்ன செஞ்சா?

— சல்யூட் அடிச்சா. கடைசி வரிசைக்குப் போயி நின்னா.

— வீட்டுக்கு வந்தும் அப்படியேதான். சோறு போட்டுத் தின்னா, ஷூவுக்கு பாலிஷ் போட்டா, படுத்துட்டா. எனக்குத்தான் பொறுக்கல. பரேட் அன்னிக்கு லீவு சொல்லிட்டு நானும் பாடாங் மைதானத்துக்கு வந்தேன். மரத்தடியில நின்னு எல்லாத்தையும் பார்த்தேன்.

— நீங்க வந்தீங்களா? எனக்குத் தெரியாதே ஆன்டி.

— முதல் பிளாட்டூன் போச்சு. ரெண்டாவது போச்சு. பேண்டு அடிக்கிற அடியில காது கிழியுது. மூணாவது நீங்க. நீ வாயைத் திறந்த, ஒருத்தரும் அசையல. மறுபடியும் திறந்த, அசையல. பின்னால நிக்கிற ஸ்கூலெல்லாம் முழிக்குது. உங்க சார் பாடாங் குறுக்கால ஓடி வர்றாரு.

— அப்பதான் கடைசி வரிசையிலேருந்து...

— என் மக. செப்பாட் ஜாலான்னு, வேகநடை போடச் சொல்லி ஒரு குரல். பேண்டுக்கு மேல எழும்பிச்சு தம்பி. மேடையில இருந்தவங்க தலையைத் திருப்பினாங்க. அத்தனை காலும் ஒரே காலு மாதிரி விழுந்திச்சு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இப்ப இந்த லெட்டர்.

— சார் என்ன சொல்றாருன்னா, காலேப் கமாண்ட் கொடுத்தா அசையாதீங்கன்னு அவ முன்னாடியே எல்லார்கிட்டயும் பேசிவச்சிட்டாளாம். ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிச்சாரு. எல்லாரும் ஒன்னுதான் சொன்னாங்க, கமாண்ட் கேக்கல சார்னு. கமாண்ட் கேக்கலன்னா வெயில்ல விழுந்தாலும் அசையக்கூடாது, அதான் கவாட். எல்லாரும் ஒரே மாதிரி சொல்றதே திட்டம் போட்டதுக்கு அத்தாட்சின்னு சொல்லிட்டாரு.

— உன்னை விசாரிக்கலையா?

— இல்ல. தோளைத் தட்டி, உன்மேல தப்பில்லன்னாரு. நானும் மூணு நாளா வாயை மூடிட்டிருந்தேன். அதுக்கு நீங்க என்னை அடிச்சாலும் வாங்கிக்குவேன்.

— அடிக்கிற நேரம் தாண்டிப்போச்சு. எனக்கு எல்லாம் தெரியும் காலேப். லோகா சொல்லிட்டா. கூட்டத்தைப் பார்த்ததும் உனக்குத் தொண்டை அடைச்சிக்கிச்சு. வாயைத் திறந்த, குரல் வரல.

— அப்படியா சொன்னா?

— வெளிய யாருக்கும் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. அவன் இப்பதான் நிமிர்ந்து நடக்குறான்மா, ஸ்கூல் முழுக்க சிரிச்சா திரும்பக் கூனிப்போயிடுவான்னா. உன்னைக் காப்பாத்தத்தான் அவ பழியை ஏத்துக்குறா. புரியுதா?

— இப்பதான் புரியுது ஆன்டி.

— நான் அவளை மாதிரி நல்லவ இல்ல. கேட்டுல பன்னெண்டு மணி நேரம் நிக்கிறவ. பெரிய கார்ல வந்து அதட்டுறவனையே பாஸ் இல்லன்னா திருப்பி அனுப்பியிருக்கேன். உங்க சாரைப் பார்த்தா பயந்துடுவேனா? டியூட்டி முடிஞ்சதும் இதே யூனிஃபார்மோட ஸ்கூலுக்கு வரேன். அந்த லெட்டரை அவர் மேசையில வச்சே கிழிக்கிறேன். நீயும் வா.

— வரேன். கண்டிப்பா வரேன்.

— வந்து ஒரே வார்த்தை சொல்லு. பயந்துட்டேன் சார், குரல் வரலன்னு. அது போதும். ரெண்டு நாள் சிரிப்பாங்க, அப்புறம் மறந்துடுவாங்க.

— வரேன் ஆன்டி. ஆனா அதைச் சொல்ல மாட்டேன்.

— ஏன்? மானம் போயிடுமோ?

— பொய்யாயிடும். நான் பயப்படவே இல்ல ஆன்டி. வேணும்னேதான் சத்தம் விடாம வாயை மட்டும் திறந்தேன். பிளாட்டூன் அப்படி நிக்கிறதை அவளால பார்த்துட்டிருக்க முடியாது, அவளே கமாண்ட் கொடுப்பான்னு எனக்குத் தெரியும்.