விதி ஏழில் யாரும் இல்லை

– நிறுத்துடா, நிறுத்து. மூச்சு விடாமப் படிச்சா எப்படி? முதல்ல இருந்து படி.

– அக்கா, இது மூணாவது தடவை.

– இருக்கட்டும். அந்த ஹோஸை ஓரமாப் போட்டுட்டு நிழலுக்கு வா. தொட்டி மேல உக்காராத, உடைச்சு வைப்ப. ஸ்டூலை இழுத்துக்கோ. ம், படி.

– 'விதி ஏழின்கீழ் வரும் ஆலைகள் நீங்கலாக, ஏனைய ஆலைகள் அனைத்தும், விதி பதினொன்றில் குறிப்பிட்டுள்ள கருத்துக்கேட்பிலிருந்து விலக்களிக்கப்பட்டவையாகக் கொள்ளப்படும்.'

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான்.

– நல்லாத்தான் இருக்கு. ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி கம்பீரமா இருக்கு. கொண்டு போய்க் கொடு.

– ஒண்ணுமே உறுத்தலையா உனக்கு?

– என்ன உறுத்தணும்?

– அதாவது என்னன்னா...

– ஆரம்பிச்சுட்டான் 'அதாவது என்னன்னா'. அதை ஆபீஸ்லயே பூட்டி வச்சுட்டு வந்தா என்ன?

– ஒரு கேள்விகூட வரலையா அக்கா? யோசிச்சுப் பாரேன்.

– என்னடா இது, பரீட்சை வைக்கற? நீ சட்டம் எழுதறவன். நான் செடி விக்கறவ. நீ படிப்ப, எனக்கு எங்கயாவது இடிச்சா சொல்லுவேன், இடிக்கலைன்னா நல்லாருக்குன்னு சொல்லுவேன். நீ வேலைக்குச் சேர்ந்ததுலருந்து இப்படித்தானே நடக்குது?

– கருத்துக்கேட்புன்னா என்னன்னாவது கேளேன்.

– சரிங்க துரை, கேக்கறேன். என்னங்க அது?

– ஒரு ஆலை வர்றதுக்கு முன்னாடி, அந்த ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கறது.

– நல்ல விஷயந்தானே. அப்ப விதி ஏழுல இருக்கற ஆலைக்கு மட்டும் கேப்பீங்க. மத்ததுக்குக் கேக்க மாட்டீங்க.

– ஆமா. விதி ஏழுல யார் யார் இருக்காங்கன்னு கேளு.

– யாரு?

– யாரும் இல்ல. ஒவ்வொருத்தரா எல்லாரையும் எடுத்தாச்சு. விதி மட்டும் அப்படியே நிக்குது, காலி வீட்டு வாசல்ல பேர்ப்பலகை தொங்கற மாதிரி.

– அட கண்றாவியே! அப்ப யாரையுமே கேக்க வேண்டாமா?

– வேண்டாம். நாளைக்கு ஆத்தோரம் பூரா எவன் வேணா வந்து கட்டலாம்.

– அதை அப்படியே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே, 'இனிமே எவனையும் கேக்க மாட்டோம்'னு?

– எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே.

– இரு, இரு. நீ எனக்குப் படிச்சுக் காட்டறதே எல்லாருக்கும் விளங்கணும்னுதானே? உங்க பழைய ஆபீசர்தானே சொன்னாரு, வீட்ல ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டுங்க, அவங்களுக்குச் சந்தேகம் வந்தா திருப்பி எழுதுங்கன்னு? நான் எத்தனை பேர்கிட்ட பெருமையடிச்சிருக்கேன் தெரியுமா? சட்டமெல்லாம் முதல்ல என் காதுக்குள்ள போயிட்டுத்தான் ஊருக்கு வரும்னு.

– அவர் ரிட்டையர் ஆயிட்டாரே. இப்ப இருக்கறது பென்சில்.

– என்ன பென்சில்?

– நாங்க வச்ச பேரு. பேனாவைத் தொட மாட்டார். எதைச் சொல்லணும்னாலும் ஓரத்துல பென்சில்ல குறிப்பார், நாங்க மாத்தி எழுதினதும் ரப்பரால அழிச்சிடுவார். ரப்பர் தூளைக்கூட ஊதிடுவார். அவர்கிட்ட யாரோ உன்னைப் பத்திச் சொல்லிட்டாங்க. கூப்பிட்டார். சிரிச்சார். 'நல்ல பழக்கம், விட்டுடாதீங்க. அக்கா கேள்வி கேட்டாங்கன்னா மட்டும் என்கிட்ட கொண்டு வராதீங்க. கேள்வி வராத மாதிரி மாத்தி எழுதிட்டு வாங்க'ன்னார்.

– அப்ப நான் நல்லாருக்குன்னு சொன்னா?

– பாஸ்.

– ஒரு நிமிஷம். அம்மா, அதுல கை வைக்காதீங்க, முள்ளு! ... வாங்கற ஆள் இல்ல, சும்மா பாத்துட்டுப் போறவங்க. நீ சொல்லு. பாஸா?

– பாஸ்.

– இத்தனை நாளா நான் நல்லாருக்குன்னு சொன்னதும் நீ தலையாட்டிட்டுக் கிளம்பிப் போவியே, அதெல்லாம் இதுக்குத்தானா? ஒவ்வொரு தடவையும் டீ வேற போட்டுக் கொடுத்தேன்டா உனக்கு!

– நான் சந்தோஷமாப் போகல அக்கா. ஒவ்வொரு தடவையும் நீ பிடிச்சுடணும்னுதான் வேண்டிக்குவேன். நீ பிடிச்சுக் கத்தினா, நான் போய், 'சார், இதை எப்படி மாத்தினாலும் கேள்வி வருது, மாட்டிக்குவோம்'னு சொல்லலாம். அவர் சுத்தப் பயந்தாங்கொள்ளி. மேஜைக்குள்ள தள்ளிப் பூட்டிடுவார்.

– சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையா? அக்கா வாய்தான் வேணுமா?

– ஆமா.

– ஆமான்னு சொல்ல வெக்கமா இல்ல?

– இருக்கு. சின்னவளை ஸ்கூல்ல 'என் அப்பாவின் வேலை'ன்னு எழுதச் சொல்லியிருந்தாங்க. 'என் அப்பா ஆறுகளையும் காற்றையும் காப்பாற்றுகிறார்'னு எழுதிட்டு என்கிட்ட கொண்டு வந்து நீட்டறா. நான் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன். அது மட்டுந்தான் என்னால முடிஞ்சது.

– கர்மம். எதுக்குடா இதெல்லாம் பண்றீங்க? யாருக்கு என்ன லாபம்?

– லாபம்தான் எல்லாம். முதலீடு வருதாம். ஊர்க்காரங்களைக் கேட்டு, அவங்க யோசிச்சு, அதுக்குள்ள கம்பெனிக்காரன் பொறுமை இழந்து வேற நாட்டுக்குப் போயிடுவானாம். வேலை வரும், ரோடு வரும், குறுக்க நிக்காதீங்கன்னு மேலருந்து சொல்றாங்க. பென்சில் அதை இன்னும் அழகாச் சொல்வார்: 'நாம எதையும் அழிக்கல, எளிமைப்படுத்தறோம்.'

– நல்லா எளிமைப்படுத்துனீங்க. சரி, வேர்த்துக் கொட்டுது உனக்கு, தண்ணி குடி. அந்தப் பானையில வேண்டாம், கேன்ல எடுத்துக்கோ.

– அக்கா, பின்வரிசை ஏன் இப்படிக் கருகிக் கெடக்கு? போன தடவை வந்தப்பப் பச்சைப்பசேல்னு இருந்துச்சே.

– அது வேலைக்கு இருந்தாளே, அவ பண்ணின வேலை. உரத்தை அள்ளிக் கொட்டிட்டா. வேர் வெந்து போச்சு. போகச் சொல்லிட்டேன்.

– யாரு, ஒல்லியா, எப்பவும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிட்டே இருப்பாங்களே, அவங்களா? குழந்தைக்குச் சோறு வைக்கற மாதிரி செடிக்கு வைப்பாங்களே?

– அவதான். போனவளைப் பத்தி இப்ப எதுக்கு?

– முன்வரிசை நல்லாத்தானே இருக்கு. அதுக்கும் அவங்கதானே உரம் வச்சாங்க?

– முன்னாடி இருக்கறதுக்குக் குழாய்த் தண்ணி. பின்னாடி இருக்கறதுக்கு வாய்க்கால் தண்ணி. போதுமா?

– அக்கா. அவங்க ஒண்ணும் பண்ணல.

– விடுடா.

– அந்த வரிசையைப் பாரு. எல்லாச் செடியும் ஒரே மாதிரி, இலை ஓரத்துலருந்து கருகியிருக்கு. இது தண்ணி. வாய்க்கால் மேல இருக்கற பேட்டரி ஆலை விடற தண்ணி.

– என் வீட்டுக்காரர், உன் மாமா, வேலை பாக்கற ஆலைன்னு சொல்லு.

– மாமா வேலை பாக்கற ஆலைதான். அதனாலதான் சொல்ல வாய் வரல.

– அவர் அங்க ஸ்டோர்ல மூட்டை எண்றாரு. தண்ணி விடற ஆள் இல்ல.

– மாமாவைச் சொல்லலக்கா, என்னைச் சொல்றேன். போன வருஷம் இங்க உக்காந்துதானே உனக்குப் படிச்சேன்? 'ஆய்வாளர் சோதிக்காதவிடத்து, ஆலையின் சொந்த அறிக்கையே போதுமானதாகக் கொள்ளப்படும்.' நல்லாருக்குன்னு சொன்ன. அதுக்கப்புறம் ஒரு ஆய்வாளரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ஆலைக்காரங்களே மோந்து பாத்து, அவங்களே நல்ல தண்ணின்னு எழுதிக்கறாங்க. அது வந்து உன் செடி மேல விழும்னு எனக்குத் தோணவே இல்ல. எழுதும்போது வாய்க்கால் எங்கயோ இருக்குடா சாமின்னு இருக்கும். யாரோ ஒருத்தர் வீட்டு வாய்க்கால்.

– இப்ப அழுது என்ன பண்ண? கண்ணைத் துடை. ஆள் பாக்கறாங்க.

– அவங்களுக்குப் போன் போடு. உங்க மேல தப்பு இல்ல, திரும்பி வாங்கன்னு சொல்லு. உனக்குச் சங்கடமா இருந்தா போனைக் கொடு, நான் சொல்றேன்.

– வேண்டாம்.

– ஏன்?

– வேண்டாம்னா விடேன்டா.

– அவங்க போற இடமெல்லாம் செடியைக் கொன்னவன்னுதானே பேசுவாங்க? இன்னொரு நர்சரியில யாரு சேத்துப்பாங்க?

– தெரியும்! எல்லாம் தெரியும், நீ சொல்லித்தான் தெரியணுமா?

– அப்படிக் கத்து. அதைத்தான் கேக்கறேன், என்னைப் பாத்துக் கத்து. சாயந்திரம் இந்த விதியைப் பென்சில் கையில கொடுத்தாகணும். 'அக்கா பிடிச்சுட்டா சார், ஊரையே கூட்டுவேன்னு நிக்கறா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டா இது நின்னுடும். பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீ நிஜமாக் கோவப்படு.

– நான் கோவப்பட முடியாதுடா.

– ஏன் முடியாது? உன் செடி, உன் தண்ணி. உனக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கு?

– எனக்கு இல்ல. வேற யாரையாவது பாரு.

– போன வருஷம் நல்லாருக்குன்னு சொல்லிட்டோமேன்னு குத்துதா? அது உன் தப்பே இல்லக்கா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு ராப்பகலா உக்காந்து எழுதினவன் நான். ராத்திரி படுத்தா எனக்கு இருக்கற ஒரே ஆறுதல் அதுதான், நான் எப்படியோ போறேன், அக்காவாவது ஒண்ணும் தெரியாமச் சொன்னான்னு.

– சட்டம் மாறினாத்தான் ஆள் எடுப்போம்னு, நீ படிச்ச அந்த வாரம்தான் ஆலையிலருந்து உன் மாமாகிட்டச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. நீ படிச்சு முடிக்கறதுக்குள்ளயே எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சுடா தம்பி.