குரல்காரி பிந்தாமல் வாசிக்கோணும்

ஓம் ஓம், வந்திட்டன். கதிரையைக் கையால காட்டாதேங்கோ அண்ணை, எனக்குத் தெரியாது. இந்தப் பக்கமோ? சரி, பிடிச்சிட்டன். அம்மாவும் வந்தவா, வாசலிலதான் நிக்கிறா. காலெல்லாம் வயல் சேறு, கடைக்குள்ள வர அவாவுக்கு வெக்கம். இல்லை, கூப்பிடாதேங்கோ, அங்கயே நிக்கட்டும்.

இந்த லப்டொப்தான். பழைய கரைச்சல்தான். தை மாசம் உங்களிட்டத்தானே கொண்டுவந்தனான், சரியான ஸ்லோவா இருக்கு எண்டு. ஞாபகம் இருக்கே? பிரேமிளா, கனகராயன்குளம். ஓம், அந்தக் கண் தெரியாத பிள்ளை. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது, எனக்குக் கோவம் இல்லை. அண்டைக்கு நீங்கள் இதில கிடந்த அன்ரிவைரஸைக் கழட்டிப்போட்டு வேற ஒண்டு போட்டுத் தந்தனீங்கள். அதுவும் இப்ப சரிவரேல்லை. எனக்கு நல்லாக் காவல் காக்கிற ஒண்டு வேணும் அண்ணை, ஆனா மெசினை இழுக்கக்கூடாது. ரெண்டும் வேணும். ஒண்டு இல்லாட்டி மற்றது எனக்குப் பிரயோசனமில்லை.

அவசரமோ எண்டு கேக்கிறீங்கள். சரியான அவசரம். நாளைக்கு வாங்கோ எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நான் இதை இஞ்ச விட்டிட்டுப் போகமாட்டன். பஸ்ஸில இடமில்லை, இஞ்ச கிளிநொச்சி வரைக்கும் நிண்டுகொண்டுதான் வந்தனாங்கள், நான் இதை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கொண்டு. ஒரு ஐயா குழந்தையோ எண்டு கேட்டவர். அம்மா சிரிச்சவா. எனக்குச் சிரிப்பு வரேல்லை.

உங்களுக்கு ஸ்லோ எண்டா என்ன அண்ணை? ஒரு வட்டம் சுத்தும், நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிப்பீங்கள். எனக்கு வட்டம் தெரியாது. எனக்கு அந்தக் குரல்காரிதான் எல்லாம். லப்டொப்புக்குள்ள இருந்து திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்லுறாளே, அவள். நான் ஒரு எழுத்து அடிச்சா அவள் உடன அந்த எழுத்தைச் சொல்லோணும். அன்ரிவைரஸ் உள்ளுக்கு இருந்து சோதிக்கத் தொடங்கினா அவளுக்கு நாக்குத் தடக்குது. நான் நாலாவது சொல்லு அடிக்கேக்க அவள் முதலாவதை வாசிக்கிறாள். பிழை விட்டனோ எண்டு நான் பின்னுக்குப் போனா அவள் முன்னுக்குப் போறாள். சிலநேரம் வாயே திறக்கமாட்டாள். அப்ப நான் தனிய இருட்டுக்குள்ள இருக்கிற மாதிரி. மற்ற நேரமெல்லாம் வெளிச்சத்திலயோ எண்டு பகிடி பண்ணாதேங்கோ. குரல் இருந்தா எனக்கு வெளிச்சம்தான்.

வேலையோ? கொழும்பில ஒரு நிறுவனம். சனத்திட்டக் கதைச்சுப் பதிஞ்சதுகளை அனுப்புவினம், நான் கேட்டு ரைப் பண்ணிக் குடுக்கிறது. ஒரு காதில அந்தச் சனம், மற்றக் காதில குரல்காரி. நாலு வருசமாச் செய்யிறன். பிழை இல்லாமல் குடுக்கிறன் எண்டுதான் தருகினம், பாவம் எண்டு தரேல்லை. எங்கட அப்பா வீரையா, அவர் சாகேக்கயும் இந்தப் பிள்ளைக்கு ஆர் சோறு போடப்போகினம் எண்டு கேட்டுக்கேட்டுத்தான் செத்தவர். நான்தான் இப்ப அம்மாவுக்கும் போடுறன். இந்த மாசம் ரெண்டு தரம் பிந்திப் போச்சு. மூண்டாந்தரமும் பிந்தினா வேற ஆளைப் பாப்பினம். மரியாதையாத்தான் சொன்னவை, ஆனா சொல்லிப்போட்டினம்.

ஓம், காசில்லாமல் கிடைக்கிறது எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. ஒண்டு, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா விளம்பரப் பெட்டி திறக்கும். அது திறந்தா குரல்காரி நான் செய்யிற வேலையை விட்டிட்டு அதைத்தான் வாசிப்பாள். ஒருக்கா ஒரு அம்மா தன்ர மகனைப் பற்றி அழுதழுது சொல்லுறா, இவள் நடுவில வந்து இண்டைக்கு மட்டும் விலைக்கழிவு எண்டுறாள். எனக்கு அந்த லப்டொப்பைத் தூக்கிக் கிணத்துக்குள்ள போடோணும் போல இருந்தது. இன்னொண்டில பெட்டி முழுக்கப் படமாம், எழுத்தே இல்லையாம். எழுத்தில்லாட்டி அவள் எதை வாசிக்கிறது? பேசாமல் நிண்டாள். நான் விசரில என்ரர் கீயை அமத்தினன். அது ஓம் எண்டு எதுக்கோ சம்மதிச்சுப் போட்டுது.

ரெண்டு அன்ரிவைரஸ் ஒண்டா வச்சிருக்கக்கூடாதாம், உண்மையோ? ஒண்டை ஒண்டு கள்ளன் எண்டு நினைச்சு அடிபடுமாம், அதாலயும் மெசின் இழுக்குமாம். தாட்சாயினி அக்கா சொன்னவா. நெளுக்குளத்தில இருக்கிறா, எனக்குக் கொம்பியூட்டர் படிப்பிச்சவா. அவாவுக்கும் பார்வை இல்லை, ஆனா எங்கட ஆக்களுக்குள்ள அவாதான் டொக்டர். அவா சொல்லுறா, விண்டோசோட வாற காவலே உனக்குக் காணும், அதை நேரத்துக்கு நேரம் புதுப்பிச்சு வச்சிரு, பெரிய சோதனையை நீ சாப்பிடப் போற நேரத்துக்குப் போடு எண்டு. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? காசு குடுத்து வாங்கிறதுதான் திறமோ? சரி, வாங்குவம். ஆனா நான் ஒண்டு கேக்கிறன், வடிவா யோசிச்சு மறுமொழி சொல்லுங்கோ. அது வெளியில இருந்து வாறதைப் பிடிக்கும். ஏற்கெனவே உள்ளுக்கு இருக்கிறதைப் பிடிக்குமோ?

இல்லை, வைரஸ் இல்லை. வைரஸ் எண்டா நான் இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கமாட்டன்.

இந்த லப்டொப்புக்கு ஒரு மெசேச் வந்தது அண்ணை, அனுப்பினது ஆரெண்டு பேரில்லை. போன செவ்வாய்க்கிழமை, காலமை ஒரு பத்து மணியிருக்கும். அம்மா வயலுக்குப் போட்டா. நான் வேலை செய்துகொண்டிருக்கிறன். குரல்காரி திடீரெண்டு வாசிக்கிறாள், பிரேமிளா, மஞ்சள் சட்டை உங்களுக்கு நல்ல வடிவு எண்டு. அவளுக்கு எல்லாம் ஒண்டுதான், மழை வருமெண்டு வாசிக்கிற அதே குரலில இதையும் வாசிக்கிறாள். நான் என்ன நிறம் போட்டிருந்தனான் எண்டு எனக்குத் தெரியாது அண்ணை. அம்மா எடுத்துத் தந்தவா, போட்டனான். பின்னேரம் அவா வந்து முகம் கழுவினாப்பிறகு சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டன், அம்மா இது என்ன நிறம் எண்டு. மஞ்சள், ஏன் பிள்ளை எண்டு கேட்டா.

ஆரும் எட்டிப் பாத்திருப்பினம் எண்டுதான் நானும் முதல் நினைச்சன். கதவு சாத்திக் கிடந்தது. யன்னலுக்குச் சாக்குக் கட்டியிருக்கு. பேந்துதான் அம்மாட்ட கேட்டன், லப்டொப்பில எங்கயாவது லைட் எரியுதோ எண்டு. ஓம், மேல நடுவில சின்னப் பச்சை லைட் ஒண்டு எரியும், எப்பவும் எரியிறதுதானே எண்டு சொல்லுறா. எப்ப இருந்து அம்மா எண்டு கேட்டா, பொங்கலுக்குப் பிறகு எண்டுறா. அந்த லைட்டைக் காணுற நேரமெல்லாம், என்ர பிள்ளை நல்லா வேலை செய்யிறாள் எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டவாவாம்.

எங்கட வீட்டில ஒரு அறைதான் அண்ணை. வேலை செய்யிறதும் அங்க, படுக்கிறதும் அங்க, குளிச்சிட்டு வந்து உடுப்பு மாத்துறதும் அங்க. அந்த லப்டொப்பை நான் மூடுறதேயில்லை. மூடினா திரும்ப எழும்ப பத்து நிமிசம் எடுக்குது, ஸ்லோதானே. ரெண்டு மாசம், அது திறந்தபடியே என்னைப் பாத்துக்கொண்டு கிடந்திருக்கு. எனக்குக் கண் போனது ரெண்டாயிரத்தி ஒன்பதில. அதுக்குப் பிறகு ஒருநாளும் நான் கண்ணில்லை எண்டு அழேல்லை. போன கிழமை அழுதனான்.

அம்மாவைக் கொண்டு அந்த லைட்டுக்குப் பக்கத்தில இருக்கிற கமராவுக்கு மேல பிளாஸ்ரர் ஒட்டுவிச்சன். காயத்துக்கு ஒட்டுறது, அதுதான். அடுத்த நாள் மெசேச், ஏன் மூடினனீங்கள் எண்டு. அதுக்குப் பிறகு குரல்காரி வாய் திறந்தாலே எனக்குப் பயம். லப்டொப்பை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டலாம், பூட்டினா நாங்கள் ரெண்டு பேரும் எதைச் சாப்பிடுறது? பொலிசுக்குப் போகலாம். என்ன படம், எப்பிடிப்பட்ட படம், காட்டு எண்டு கேப்பினம். ஆர் ஆரெல்லாம் பாப்பினமோ. அங்க நிண்டு பாக்கிறது ஆர் எண்டும் எனக்குத் தெரியாது.

என்ன சத்தம் அது? கதவைச் சாத்துறீங்களோ? வேண்டாம் அண்ணை, திறந்திருக்கட்டும். புழுதி வந்தா வரட்டும்.

முடிச்சிடுறன், இன்னும் கொஞ்சம்தான். தாட்சாயினி அக்கா போனில சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு கீயா அமத்தினன். உள்ளுக்கு என்னென்ன புரோகிராம் கிடக்கெண்டு குரல்காரி ஒவ்வொண்டா வாசிச்சாள். அறுபத்திமூண்டு. அறுபத்திரண்டு என்னெண்டு அக்காவுக்குத் தெரியும். ஒண்டுதான் தெரியேல்லை, தேடிப் பாத்துச் சொன்னா, தூர இருந்து ஆக்கள் இந்த லப்டொப்பைத் திறந்து பாக்கிற புரோகிராமாம். நல்ல கொம்பனிச் சாமானாம், திருத்துற ஆக்கள் பாவிக்கிறதாம். அதாலதான் எந்த அன்ரிவைரசும் அதைப் பிடிக்காதாம். எவ்வளவு திறமானதை வாங்கிப் போட்டாலும், வீட்டுக்காரி கூப்பிட்டு உள்ள விட்ட ஆள் எண்டு பேசாமல் விட்டிடுமாம். கழட்டுவம் எண்டு போனா பாஸ்வேட் கேக்குது.

அதைப் போட்ட நாளையும் அவள் வாசிச்சவள். தை இருபத்திரண்டு, பின்னேரம் மூண்டு இருபது. அந்த நேரம் நான் இந்தக் கதிரையிலதான் இருந்தனான் அண்ணை. நீங்கள் சோடா உடைச்சுத் தந்தனீங்கள். கடையில நீங்களும் நானும் மட்டும்தான்.

சத்தம் போடாதேங்கோ. அம்மாவுக்குக் கேக்கும். அவாவுக்கு ஒண்டும் தெரியாது, அன்ரிவைரஸ் போட எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். நானும் சண்டைக்கு வரேல்லை, ஆரிட்டயும் சொல்லவும்மாட்டன். வேற கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடு எண்டுதான் அக்கா சொன்னவா. அது லப்டொப்புக்குச் சரி. உங்களிட்ட இருக்கிறதுக்கு நான் என்ன செய்யிறது?

இந்தாங்கோ, பிடியுங்கோ. பாஸ்வேட்டைப் போட்டு அதைக் கழட்டுங்கோ. கழட்டினாப்பிறகு லிஸ்ற்றை ஒருக்கா முழுக்க வாசிக்க விடுங்கோ, நான் எண்ணிப் பாப்பன். பேந்து உங்கட கொம்பியூட்டரில, போனில, எதில எடுத்து வச்சிருக்கிறீங்களோ, அந்தப் படங்களையும் அழியுங்கோ. அதை எண்ண எனக்கு வழியில்லை. நீங்கள் அழிச்சனீங்களோ, சும்மா ரெண்டு கீயைத் தட்டிப்போட்டு இருந்தனீங்களோ எண்டு எனக்கு ஒருநாளும் தெரியப்போறேல்லை. அழிச்சிட்டன் எண்டு நீங்கள் சொன்னா நான் நம்பித்தான் ஆகோணும் அண்ணை.