பஞ்சவர்ணம் என்னிடம் மட்டும் சொன்னது

மதியச் சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே போதும், ஒரு பள்ளிக்கூடத்தில் யாருக்கு யார் வேண்டியவர் என்று தெரிந்துவிடும். ஆவடியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பீரோவை ஒட்டின மூலையில் தனியாகத்தான் சாப்பிட்டேன். டிபன் பாக்ஸோடு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள் உங்கள் மனைவிதான்.

லட்சுமணன் சார், குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது பஞ்சவர்ணத்தின் கைப்பையை இப்போதுதான் திறந்து பார்த்ததாகச் சொன்னீர்கள். அவள் போய் ஒன்பது வருஷமாக அதைத் திறக்க உங்களுக்கு மனசு வரவில்லை. உள்ளே ஊசியும் மருந்துக் குப்பியும் இருந்தன. அது இன்னதென்று மருந்துக் கடைக்காரர் சொல்லிவிட்டார். சுசீலா டீச்சருக்கு முன்பே தெரியுமா என்று என்னிடமே கேட்க நெமிலிச்சேரியில் என் வீடு வரைக்கும் வந்திருக்கிறீர்கள். தெரியும்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். கல்யாணத்தின்போது அவள் வீட்டில் மறைத்துவிட்டார்கள். தெரிந்தால் உங்கள் அம்மா பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தாள். நான் சயின்ஸ் டீச்சர், லேப் சாவி என்னிடம் இருந்தது. காலையில் மணி அடிக்கும் முன்னால் அவள் உள்ளே ஊசி போட்டுக்கொள்வாள், நான் வாசலில் நிற்பேன். போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் மயக்கம் வரும். இனிப்பாக ஏதாவது வாயில் போட்டால் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவாள். அதற்கென்றே லேப் மேசை இழுப்பறையில் வெல்லம் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாங்காட்டுக் கோயிலுக்கு என்று உங்களிடம் சொல்லிவிட்டு ஊசி போட இங்கேதான் வந்தாள்.

“யாருகிட்டயும் சொல்லிடாத சுசீ. நான் செத்தாலும் சொல்லாத” என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஒருத்தி அவ்வளவு நம்பிச் சொன்ன பிறகு நமக்கும் ஏதாவது சொல்லத் தோன்றும். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றுதான் பள்ளியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆகியிருந்தது, பதினேழு வயதில், திருத்தணிப் பக்கம். புது இடம், புது ஆள், பயம். தூக்கத்தில் பாயை நனைத்துவிட்டேன். மறுபடியும் நனைத்தேன். மாமியார் அந்தப் பாயைத் தெருவில் காயப்போட்டுப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார். மாதம் முடிவதற்குள் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். என் தங்கைக்குக்கூட முழுசாகச் சொல்லாததைப் பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பேபி டீச்சர் ஜன்னலைப் பார்த்து, “மழை வருது, யாரு பாயாவது வெளிய காயுதா? எடுத்து உள்ள போடுங்கப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புரியாமல் நானும் கூடவே சிரித்தேன். பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். குனிந்து மோர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கேட்டேன். “பேச்சுவாக்குல வந்துடுச்சு சுசீ. ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிட்டிருந்தாங்க, நானும் தமாஷுக்கு... மனசுல வெச்சுக்காத.”

வைத்துக்கொள்ளவில்லை என்றேன். மறுநாளும் லேபைத் திறந்துவிட்டு வாசலில் நின்றேன். பொங்கலுக்குள் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கரும்பலகையில் பாய் வரைய ஆரம்பித்திருந்தார்கள். அழித்துவிட்டுப் பாடம் நடத்தினேன்.

மார்ச்சில் இன்ஸ்பெக்‌ஷன். அன்று அவள் ஊசி போட்டு முடிக்கவும் அதிகாரிகளின் ஜீப் வரவும் சரியாக இருந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தச் சாப்பிடாமலே மைதானத்துக்கு ஓடினாள். அவள் டிபன் பாக்ஸ் லேப் மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொண்டு பின்னால் போயிருக்கலாம். போகவில்லை.

வெயில் ஏறினதும் அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆயா சொர்ணம்தான் முதலில் பார்த்தது. “இன்னா டீச்சர், இப்டி வேர்த்து ஊத்துது? ஓடிப்போயி கலர் சோடா ஒண்ணு வாங்கியாரட்டா?”

“கலரெல்லாம் வேணாம் சொர்ணம், தண்ணி கொண்டா” என்றேன்.

பஞ்சவர்ணம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நாக்கு குழறியது. “வெல்... வெல்லம்” என்றாள்.

“என்னம்மா சொல்றாங்க?” என்றார் ஹெச்.எம். அம்மா.

“வெயில்னு சொல்றாங்க மேடம்” என்றேன்.

“நீதானே அவளுக்கு நெருக்கம். ஏதாவது வியாதி இருக்கா?”

“எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்ல மேடம்.”

லேபில்தான் நிழலும் அமைதியும் இருந்தன. அங்கே பெஞ்சில் படுக்கவைத்தோம். கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும் என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். உட்கார்ந்தபடியே இழுப்பறையைத் திறக்கலாம், அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. வலிப்பு மாதிரி வந்து இழுத்தது, பிறகு அடங்கியது. வாயைத் துடைத்துவிட்டேன், புடவையைச் சரிசெய்தேன். அசைவு நின்ற பிறகு ஹெச்.எம். அம்மாவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையே கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

உங்கள் பார்வை எனக்குப் புரிகிறது. ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள் சார். நான் அவளுக்கு விஷம் கொடுக்கவில்லை, பிடித்துத் தள்ளவில்லை. செத்தாலும் சொல்லாதே என்றாள், சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் பேபி டீச்சர் வாரக்கணக்கில் துருவினார், அப்போதும் வாய் திறக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான்.

போலீஸுக்குப் போவதானால் போங்கள், கூடவே வருகிறேன். வெல்லம் இருந்தது, அவள் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. அங்கேயும் இதைத்தான் சொல்வேன். ஆனால் வேறு யாருக்குத் தெரிந்தாலும் உங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவள் கெஞ்சினாள். இன்றைக்கு அவளுக்குத் துரோகம் செய்துவிட்டேன். இந்த ஒன்பது வருஷத்தில் எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான்.