தேத்தண்ணிக் குடும்பம்

கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில் என் எதிரே இரு பெண்மணிகள் அமர்ந்திருந்தனர். மூத்தவர் தேநீரை விலக்கும் மோர்மன் கிறிஸ்தவ சபைக்குச் செல்வதை நிறுத்தியவர் என்பதும், இளையவர் இன்னமும் செல்பவர் என்பதும் அவர்களது பேச்சிலேயே விளங்கிற்று.

“தேத்தண்ணி குடிக்கக் கூடாதுன்னதுக்காகவா அக்கா சபைய விட்டீங்க?”

“தேத்தண்ணி பாதி, மனசு பாதி லா. இப்ப ஞாயித்துக்கிழமை ரோட்டோர ஒட்டுக்கடையில தேத்தண்ணி குடிக்க ஏழு பேரு கூடுறோம். எல்லாரும் என்னை மாதிரி நின்னுட்டவங்க. அதான் என் குடும்பம்.”

“போன வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தீங்களே, அந்தக் குடும்பத்துல யாரு வந்தா?”

“வாட்ஸ்அப் குரூப்புல பூப்படம் அனுப்புனாங்க.”

“கஞ்சி கொண்டு வந்தது யாரு?”



“நீதான். அதுல உப்பே இல்ல.”