சிவப்புன்னு எழுதிடு

— (பச்சை வரணும். அக்கா வீட்டுக்காரர் இந்த ஜன்னலுக்குள் விரலை நீட்டுகிற ஒவ்வொரு காலையும் எனக்கு இதே வேண்டுதல்தான்.)

— என்ன மச்சினி, விரல் மரத்துப்போச்சு. உன் மெஷின் என்ன சொல்லுது?

— பச்சை மாமா. போய் கிரேன்ல ஏறுங்க.

— பச்சையா? நல்லாப் பாரு.

— லைட்டு என் பக்கம்தானே எரியுது? பளிச்சுனு பச்சை.

— வேணும்னா கட்டை விரலை வைக்கட்டுமா? அவன் கொஞ்சம் கெட்டவன்.

— இது தோலுக்குள்ள வெளிச்சத்தை விட்டு, ரத்தத்துல சரக்கு இருக்கான்னு பாக்குது. பத்து விரலுக்கும் ஒரே ரத்தம்தான் மாமா. அவனவன் பச்சை வராதான்னு ஏங்கறான், நீங்க என்னடான்னா மூஞ்சியைத் தொங்கப் போடறீங்க!

— ஊதற மெஷின் எவ்வளவோ தேவலை. வாய் கொப்பளிக்கிற மருந்து ஒரு மடக்கு போதும், கத்திக் கூப்பாடு போடும். இது ஊசியும் குத்தாம, ஊதவும் விடாம, ஊமைக்கோட்டான்.

— வரிசை நிக்குது, நகருங்க.

— எவன் நிக்கறான்? வேணும்னேதான் கடைசியா வந்தேன். ஒரு சின்ன உதவி. நோட்டுல சிவப்புன்னு எழுதிடு.

— என்னது?

— முதல் தடவைக்கு மூணு நாள் வீட்டுக்கு அனுப்புவாங்க, அப்புறம் ஒரு அறிவுரை கிளாஸ். அவ்வளவுதானே?

— குடிக்காத மனுஷனைக் குடிகாரர்னு எழுதவா? அக்கா என் தோலை உரிச்சிடுவா.

— உங்க அக்காவை நான் சமாளிச்சுக்கறேன்.

— இருபது வருஷமா சமாளிக்கிற லட்சணம்தான் தெரியுதே. விஷயத்தைச் சொல்லுங்க.

— பத்து மணிக்குக் கண் டாக்டர் வர்றார்.

— ஆமா, வருஷா வருஷம் கிரேன்காரங்களைப் பார்க்க வர்றவர்தானே. அதுக்கென்ன?

— அவர் ஒரு எழுத்து அட்டை மாட்டுவாரில்ல, அதுல மேல இருக்கற பெரிய எழுத்து தெரியுது. மத்ததெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஊருது.

— எத்தனை நாளா?

— மழைக்கு முன்னாடியிருந்து.

— ஐயோ மாமா! எட்டு டன் இரும்பைத் தூக்கறீங்க.

— தூக்கறதுக்குக் கண்ணு எதுக்கு? கை பழகிப்போச்சு. கீழே இருக்கறவன் சைகை காட்டறான், நான் இறக்கறேன்.

— அந்தச் சைகை தெரியுதா?

— ஆள் தெரியறான். சைகை... ஒரு குத்துமதிப்புதான்.

— ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டா என்ன?

— வெளியே காட்டிட்டேன். கண்ணாடிக்கு அடங்காதாம். கீழே இறக்கிட்டா என்ன பண்ணுவாங்க தெரியுமா? சாமான் ரூம்ல ஒரு ஸ்டூல். வர்றவன் போறவனுக்கு ஆணி எண்ணிக் கொடுக்கணும். அந்தக் கூண்டுல நான் ராஜா மச்சினி. இன்னைக்கு அந்த டாக்டர்கிட்ட மாட்டாம வீட்டுக்குப் போயிட்டா, இன்னும் ஒரே வருஷம், அப்புறம் நானே இறங்கிடறேன்.

— குடிகாரர்னு பேர் வந்தா பரவாயில்லையா?

— குடிகாரன் திருந்தினா மறுபடி மேல ஏத்துவாங்க. கண்ணு போனவனை எவன் ஏத்துவான்?

— (அவர் சொல்வது உண்மைதான். பேனா மூடியைக் கழற்றி, நோட்டில் அவர் பேருக்கு எதிரே முனையை வைத்தேன்.)

— என்ன யோசனை? ஒரே ஒரு வார்த்தை.

— வேண்டாம் மாமா. பச்சை வந்தா பச்சைதான் எழுதுவேன்.

— பெரிய அரிச்சந்திரன் பரம்பரை! இத்தனை வருஷத்துல என்னால எவனுக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கா?

— வெல்டர் அண்ணன் கால் நசுங்கினது?

— அது கம்பி நழுவினது! முந்தின நாள் நாலு ரவுண்டு போட்டேன், இல்லைங்கல. அவன் காலைப் பார்த்தப்புறம் அதையும் விட்டேன். ஆனா அன்னைக்குக் காலைல எல்லாம் இறங்கி, பச்சை வந்தப்புறம்தானே ஏறினேன்? விசாரணைல உன் நோட்டைப் பார்த்துத்தானே என்னை விட்டாங்க?

— நோட்டுல பச்சைதான் மாமா இருந்தது. என் பக்கம் எரிஞ்சது சிவப்பு.