பவானி என்பது ஆறு

குறுக்கெழுத்து போடுகிறவர்கள் பொதுவாகச் சாதுவானவர்கள். காலையில் ஒரு பென்சில், ஓர் அழிப்பான், அரை மணி நேர அமைதி இருந்தால் போதும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்த பத்தொன்பது பேரும் அப்படித்தான். நீங்கள் எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் சார். யாரும் என்னை மிரட்டவில்லை. காபிகூட வாங்கிக் கொடுத்தீர்கள்.

என் பெயர் பவானி. வயது அறுபத்து மூன்று. விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். 1993 வாக்கில்கூட அவசரம் என்று, மற்ற எல்லோருக்கும் முன்னால் லைன் கிடைக்கும் லைட்னிங் கால் கேட்டு அழுதவர்கள் உண்டு. யார் நிஜமாக அழுகிறார்கள், யார் லைனுக்காக அழுகிறார்கள் என்பது முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் காது இன்னும் கெடவில்லை.

2015 பொங்கலுக்கு அந்தக் குழுவை ஆரம்பித்தேன். பெயர் ‘கட்டத்துக்குள் நாம்’. நாளிதழில் வரும் தினசரிக் கட்டத்தை எல்லோரும் போட வேண்டும். ஏழரை மணிக்கு மேல் விடைத்தாளைப் போட்டோ எடுத்து அனுப்பலாம். முதலில் அனுப்புகிறவர் அன்றைய வெற்றியாளர். காணையிலிருந்து ராஜாமணி, கண்டாச்சிபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் சீனுவாசன், இன்னும் பலர். ஒரு வருடம் முழுக்க நான்தான் முதல். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் வழக்கம் என்று இருந்தது.

அடுத்த தை மாதம் சீனுவாசன் ஒருத்தியைச் சேர்த்தார். திண்டிவனத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற இருதயமேரி. புருஷன் இல்லை. மகள் கோயம்புத்தூரில். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இவள் தனியாக. வந்த ஒன்பதாவது நாள் முதலாவதாக வந்தாள். பங்குனி பிறந்த பிறகு தினமும் அவள்தான் முதல்.

எனக்கு அதில் வருத்தமில்லை. நல்ல போட்டி இருந்தால்தானே குழு உயிரோடு இருக்கும். நானே அவளுக்குப் போன் செய்து பாராட்டினேன். அப்படித்தான் பழக்கமானோம். தினம் பதினோரு மணிக்கு ஒரு மணி நேரம் பேசுவோம். அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். குழுவில் அவள் அப்படிக் கூப்பிட்டது என்னை மட்டும்தான்.

ஒருநாள் சொன்னாள்: “எனக்கு சுகர் ஜாஸ்திக்கா. ஊசி போட்டுக்கினு நேரத்துக்குத் துன்னலன்னா சடக்குனு எறங்கிடும். அப்ப என்னா பேசறேன், என்னா எழுதறேன்னு எனக்கே தெரியாது. நான் எதுனா ஒளறலா எழுதுனா ஜல்தியா கீழ ஜெராக்ஸ் கடை குமரேசனுக்குப் போன் பண்ணிடுக்கா. வேற யாருக்கும் சொல்லிடாத. பாவம்னு பாப்பாங்க.”

கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கும் குமரேசனின் நம்பரைக் குறித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள் நான்.

அந்த ஆவணியில் ‘சினத்தின் நிறம், நான்கு எழுத்து’ என்று ஒரு குறிப்பு வந்தது. திணறியவர்களுக்காக ‘கருப்பு’ என்று நான் குழுவில் போட்டேன். அடுத்த நிமிடம் மேரி எழுதினாள்: ‘அக்கா, கருப்புன்னா பஞ்சம்க்கா. சினத்துக்கு வல்லின று, கறுப்பு.’ கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. அதற்குப் பதினான்கு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். அன்று பதினோரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். “தப்பா எடுத்துக்காதக்கா, கை துறுதுறுன்னு எழுதிடுச்சி,” என்றாள். மன்னித்துவிட்டதாகச் சொன்னேன். அவள் சொன்னது சரி என்பது வேறு விஷயம்.

பிறகு நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் வாசகர்கள் செய்த கட்டங்களைப் போட ஆரம்பித்தார்கள். நான் பதினொன்று அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. மேரி ஒன்றே ஒன்று அனுப்பினாள். வந்தது, பெயரோடு, ஊரோடு. காலையிலேயே போன்: “ஏழாவது குறுக்கா பாருக்கா. உன்ன நெனச்சிதான் வெச்சேன்.” பார்த்தேன். ‘கூடப் பிறக்காவிட்டாலும் மூத்தவள்.’ மூன்றெழுத்து. அக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுவிடும். அவ்வளவு சுலபமான குறிப்பு. ஆனால் குழுவில் அன்று முழுக்க அதே பேச்சு. டீச்சரையும் அட்மின் ஆக்கலாமே என்று ராஜாமணி எழுதினார். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

அடுத்த வாரம் நேரத்தை மாற்றினேன். ஏழரை என்பது சோம்பேறித்தனம். இனி ஆறே முக்கால். ஒழுங்குக்காகச் செய்தது. அவள் ஆறரைக்கு ஊசி போட்டு ஏழு மணிக்குச் சாப்பிடுகிறவள் என்பது எனக்குத் தெரியும்தான். “இட்லி ஆறிப் பூடுதுக்கா, இந்தக் கட்டத்த முடிச்சிட்டுத்தான் துன்றேன்,” என்று சிரித்தாள். சாப்பிட வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கட்டத்தை விடு என்று சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். அவள் குழந்தையா சார்?

நவம்பர் பதினேழு, வியாழக்கிழமை. மேரி அனுப்பியதை யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று அவள் போன் காட்டுகிறது என்றீர்கள். காட்டட்டும். நான் மறைக்கவில்லை.

6:52-க்கு மேரியிடமிருந்து வந்தது: ‘கதவு வெள்ள ஊசி கதவு தண்ணி’.

6:55-க்கு: ‘பவானி’. அது மட்டும் பிழையில்லாமல்.

சீனுவாசன் உடனே கேட்டார்: “டீச்சரு, என்னாங்க இது, புதுப் போட்டியா?” ராஜாமணி மூன்று கேள்விக்குறி போட்டார். எல்லோரும் குழம்பினார்கள். யாராவது ஒருவர் அவளுக்குப் போன் செய்திருப்பார். அதனால் நான் எழுதினேன்: ‘ஆமாம். மேரி டீச்சர் நமக்கு ஒரு புதிர் வைத்திருக்கிறார். பவானி என்பது ஆறு. ஆகவே ஆறெழுத்து விடை. போன் செய்து அவரிடம் கேட்கக் கூடாது. தொடங்குங்கள்.’

குழு இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. மழைநீர் என்றார் ஒருவர். எழுத்து போதவில்லை என்று இன்னொருவர் திருத்தினார். 7:04-க்கு மேரியிடமிருந்து இன்னொன்று வந்தது: ‘அக்கா’. அதன் பிறகு எதுவும் வரவில்லை. ‘இது கூடுதல் குறிப்பா?’ என்று சீனுவாசன் கேட்டார். ஆமாம் என்றேன்.

7:31-க்கு ராஜாமணி கண்டுபிடித்துவிட்டார்: ‘கதவடைப்பு’. எண்ணிப் பார்த்தேன், சரியாக ஆறெழுத்து. கைதட்டும் பொம்மை போட்டேன். மற்றவர்களும் போட்டார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் கிடையாது. அவர்களை அழைத்து விசாரித்துத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

7:50-க்குக் குமரேசனைக் கூப்பிட்டேன். “மேரிக்கு ஒடம்பு சரியில்ல போலக்கீதுப்பா, கொஞ்சம் மேல போய்ப் பாரு,” என்றேன்.

“அய்யோ, எப்பத்துலருந்துமா?” என்றான்.

“இப்பதான் பாத்தேன்.”

தாழ்ப்பாளை உடைத்துத்தான் உள்ளே போனார்களாம். சமையலறை வாசலில் கிடந்தாளாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அடக்கத்துக்கு நான் திண்டிவனம் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா எப்பவும் உங்களப் பத்தியேதாங்க பேசினு இருப்பாங்க,” என்று அழுதாள். அவள் அழுதது நிஜம். அதே மகள்தான் பிறகு அந்தப் போனைத் திறந்து பார்த்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறாள். அதற்காகவும் நான் கோபப்படவில்லை.

வருத்தம் உண்டா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். இல்லை. நான் அவளைத் தொடவில்லை. அவள் ஊசியை நான் போடவில்லை, அவள் கதவை நான் பூட்டவில்லை. நான் உருவாக்கிய குழுவை ஒருத்தி சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்ததற்கு எந்தச் சட்டப் பிரிவு என்று நீங்கள்தான் தேடிச் சொல்ல வேண்டும்.

முதல் செய்தியைப் படித்ததுமே புரிந்துவிட்டதா என்றால், புரிந்துவிட்டது. கூப்பிட்டிருந்தால் குமரேசன் இரண்டு நிமிடத்தில் மேலே போய், தாழ்ப்பாளை உடைத்தாவது சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருப்பான், பிழைத்திருப்பாள். அதுவும் தெரியும். அவன் நம்பர் என் முன்னால்தான் இருந்தது.

ஆனால் அப்போது என் கட்டத்தில் இன்னும் நான்கு சொற்கள் பாக்கி இருந்தன. அவற்றை முடித்து, 6:58-க்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்று நான்தான் முதல். யாருடைய உதவியும் இல்லாமல் நேர்மையாக ஜெயித்தேன் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.