அவர் விரல் வைத்த இடம்

உக்காருங்க, உக்காருங்க. உங்கள வெளிய விட்டுட்டு அவரு மட்டும் டாக்டர்கிட்ட பேசப் போயிருக்காரு, அதானே? நீங்க பயந்துடுவீங்கன்னா? ஆமாமா. நோவு நமக்கு, பேச்சுவார்த்தை அவங்களுக்கு.

திரும்ப வந்துருக்கா? அதே மார்லயா? எனக்கும் அப்படித்தான். மொதத் தடவ கட்டிய மட்டும் எடுத்துட்டு கரண்டு வச்சாங்க, அதான் கதிர்வீச்சு. ஆறு வருஷம் நிம்மதி. அப்புறம் பட்டாணி அளவுல மறுபடியும்.

என் வீட்டுக்காரரும் அவங்க அக்காவும் உள்ள போனாங்க. நான் இதே பெஞ்சுல, அந்தம்மாவோட கைப்பையப் புடிச்சுக்கிட்டு. வெளிய வந்து, வேற வழியே இல்லையாம், முழுசா எடுத்துடணுமாம்னாரு. அழுதாரு வேற. நான்தான் அவருக்குத் தண்ணி குடுத்துத் தேத்துனேன். சிரிக்காதீங்க.

நல்ல மனுஷன்தான், சும்மா சொல்லக்கூடாது. கட்டுப் பிரிக்கறப்ப மட்டும் ஜன்னலப் பாத்துக்குவாரு. ரெண்டு வருஷமாச்சு, இன்னும் ஜன்னலத்தான் பாக்கறாரு. அவங்க அக்கா, இந்த வயசுல அது எதுக்கு, தொல்ல விட்டுச்சுன்னு இருன்னாங்க. அவங்களுக்கென்ன, ரெண்டும் இருக்கு.

வேலையா? பத்திரம் பதியற ஆபீஸ்ல. ஒரு நாளைக்கு நாப்பது பேர்கிட்ட சொல்லுவேன், படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கன்னு. தொண்ட வத்திடும்.

இன்னைக்கு மருந்து வாங்கற எடத்துல கூட்டம். வீட்டுக்காரரு என் ஃபைல மொத தடவையா என் மடியில வச்சுட்டுப் போனாரு. சும்மா பொரட்டினேன், இப்ப, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டர் எழுதினது: கட்டி சின்னது, மறுபடி அத மட்டும் எடுத்து, அந்த எடத்துக்கு மட்டும் கரண்டு வைக்கலாம், இல்ல முழுசா எடுக்கலாம், ரெண்டுத்துலயும் உள்ள நல்லது கெட்டது விளக்கியாச்சுன்னு எழுதியிருக்கு. எல்லாருக்கும் அது சரிவராதாம். எனக்கு சரிவரும்னுதான் போட்டிருக்கு. முழுசா எடுக்கறதுதான் நோயாளியோட விருப்பம்னு முடிச்சிருக்காங்க.

கேட்டிருந்தா நானும் முழுசா எடுத்துடுங்கன்னே சொல்லியிருப்பேனோ என்னவோ. என்னைக் கேட்டிருக்கணும்ல?

எந்திரிங்க. டாக்டர் ரூம் கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிட்டுப் போங்க. என்னை ஏமாத்திட்டாங்கன்னு சொல்லவும் முடியாதுங்க. கீழ கையெழுத்து என்னுதுதான். அவரு வெரல் வச்சுக் காட்டின எடத்துல போட்டேன். படிக்கல.